தமிழ் தெரியாத டங்கனும் தமிழ் வசனமும்

தமிழ் சினிமா வசனம் பற்றிப் பேச ஆரம்பித்தால் இளங்கோவன், கலைஞர் ரெண்டு பேரையும் விட்டுவிட்டுப் பேச முடியாது. முதலாமவருக்கு 'அம்பிகாபதி' (1937), அடுத்தவருக்கு 'மந்திரி குமாரி' (1950). ரெண்டு படத்தையும் இயக்கியவருக்குத் தமிழே தெரியாது என்றால் நம்புவீங்களா? அவர்தான் எல்லிஸ் ஆர். டங்கன். 1909இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் பிறந்தவர்.

கலிஃபோர்னியாவில் சினிமா படித்தபோது உடன் படித்த மாணிக் லால் டாண்டன் கூப்பிட, 1935இல் இந்தியா வந்தார். மறு வருஷமே 'சதி லீலாவதி' கைக்கு வந்தது. எஸ்.எஸ். வாசன் விகடனில் எழுதிய கதை. எம்.கே. ராதா ஹீரோ. எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம், சின்ன போலீஸ் வேஷம். நம்ம நாஞ்சில் நாட்டு என்.எஸ்.கே.யும் உண்டு. (நெய்யூரில் பஸ் ஏறினால் அவர் பிறந்த ஒழுகினசேரி ரொம்ப தூரமில்லை, அதனால் இந்த 'நம்ம'!)

பாஷை தெரியாமல் எப்படி இயக்கினார்? வசனத்தைக் கவனிக்க ஆள் வைத்துக்கொண்டு, அவர் கண்ணால் படம் எடுத்தார். நாடக மேடையை அப்படியே கேமரா முன்னால் நிறுத்துகிற காலம் அது. டங்கன் கேமராவை நகர்த்தினார், நெருக்கத்தில் முகம் காட்டினார். 'மீரா'வுக்காக (1945) எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தைப் பிளாஸ்டர் சிலையாகச் செய்து, எந்தக் கோணத்தில் எந்த வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று கேமராமேன் ஜித்தன் பானர்ஜியோடு முன்கூட்டியே பரிசோதித்துப் பார்த்திருக்கிறார். நம்ம பாஷையில் சொன்னால், லைவ் போவதற்கு முன்னால் டெஸ்டிங் :)

அதே சமயத்தில் பம்பாயிலும் இப்படி ஒருத்தர் இருந்தார். ஜெர்மனியின் ஃபிரான்ஸ் ஆஸ்டன். 'அச்சுத் கன்யா' (1936) அவர் எடுத்ததுதான். 1939இல் யுத்தம் தொடங்கியதும் பிரிட்டிஷ் அரசு அவரைக் கைது செய்தது, இந்திய சினிமா வாழ்க்கை அத்தோடு சரி. டங்கனோ யுத்த காலத்திலும் இங்கேயே இருந்து அரசாங்கத்துக்குப் படம் எடுத்தார்.

என் கணிப்பு இதுதான். தமிழ் தெரிந்த டைரக்டராக இருந்தால் எழுத்தில் தானும் கை வைத்திருப்பார். டங்கனால் அது முடியாது. அதனால் எழுத்து எழுத்தாளனிடமே விடப்பட்டது. 'அம்பிகாபதி'யின் காதல் காட்சிகளுக்கு ரோமியோ ஜூலியட்டை மாதிரியாகக் காட்டினார். அதைத் தமிழாக்கியது முழுக்க இளங்கோவன் பாடு. வசனகர்த்தா என்று ஒருத்தர் பேர் பெரிதாகப் பேசப்பட்டது அதற்கப்புறம்தான். 'சகுந்தலை'யில் (1940) என்.எஸ்.கே.யும் டி.எஸ். துரைராஜும் மீனவர்களாக வந்து அடிக்கும் லூட்டியையும் பாருங்க. அந்தப் பேச்சு வழக்கை ஒஹாயோக்காரர் சொல்லிக்கொடுத்திருக்க முடியுமா?

1950இல் 'பொன்முடி'யின் காதல் காட்சிகளுக்கு எதிர்ப்பு கிளம்பியது. அதே வருஷம் 'மந்திரி குமாரி'யில் எம்.ஜி.ஆர். ஹீரோ. டங்கன் பாதியில் கிளம்பிவிட, மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் முடித்தார். டங்கன் அமெரிக்கா திரும்பி, 2001இல் காலமானார்.

பதினைந்து வருஷம் இங்கே இருந்தும் தமிழ் கற்றுக்கொள்ளவில்லையே என்று அவர்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. ஆனால் தெரியாததைத் தெரிந்தவனிடம் விட்டாரே, அதற்காக அந்தக் குறையை மன்னிக்கலாம். தெரியாததிலும் மூக்கை நுழைக்கும் மேனேஜர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். என்ன சொல்றீங்க?