வெள்ளாடை ஞாயிறு



உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிற்றை இன்று இறை இரக்க ஞாயிறு என்கிறோம். அதற்கு இலத்தீனில் 'தொமினிக்கா இன் அல்பிஸ்' என்றொரு பழைய பெயரும் உண்டு, வெள்ளாடைகளின் ஞாயிறு. பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெற்றோர் வெள்ளாடை உடுத்தி, அந்த எண்கிழமை முடிந்ததும் அதைக் கழற்றி வைத்தார்கள்.

'அல்புஸ்' என்றால் வெள்ளை. தமிழில் காளையானாலும் பசுவானாலும் துணியானாலும் 'வெள்ளை' என்ற சொல் மாறாது. இலத்தீனில் அப்படியல்ல. ஆண்பால் பெயரோடு 'அல்புஸ்', பெண்பால் பெயரோடு 'அல்பா', இரண்டுமல்லாத பெயரோடு 'அல்பும்'. பாலும் எண்ணும் வேற்றுமையும் பெயருக்கேற்ப மாறும். 'துனிக்கா' என்னும் அங்கி பெண்பால். ஆகவே 'துனிக்கா அல்பா'. காலப்போக்கில் பெயர்ச்சொல் உதிர்ந்துபோக, குருவானவர் திருப்பலியில் அணியும் வெள்ளங்கிக்கு 'அல்பா' என்றே பெயராயிற்று. உரோமையில் அறிவிப்பு எழுதிய வெள்ளைப் பலகை 'அல்பும்'. நம் வீட்டுத் திருமண ஆல்பம் அதன் வழிவந்ததே.

உரோமையருக்கு வெள்ளையிலும் இரண்டு உண்டு. ஒளியில்லாத வெளிர் வெள்ளை 'அல்புஸ்'. மின்னும் வெள்ளை 'காந்திதுஸ்'. பதவி தேடியவர்கள் மேலாடையில் சுண்ணம் பூசி மின்ன வைத்தார்கள். அதனால் அவர்களுக்குக் 'காந்திதாத்துஸ்' என்று பெயர். ஆங்கிலத்தில் வேட்பாளரைக் குறிக்கும் 'கேண்டிடேட்' இதிலிருந்து பிறந்ததே. வாக்குக் கேட்க ஆடையை வெளுக்கக் கூடாதென கி.மு. 432-இல் சட்டம் வந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்.

நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் புனித அம்புரோஸ், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோரின் உடையைச் சொல்ல இந்த மின்னும் வெள்ளையையே எடுத்தாண்டார். அது சுண்ணம் பூசி வந்த வெள்ளையல்ல. அருளால் வந்த வெள்ளை. மெழுகுவர்த்தியைக் குறிக்கும் 'காந்தேலா'வும் இதே வேரில் பிறந்தது. திருமுழுக்கில் வெள்ளாடையோடு எரியும் திரியையும் தருகிறோம் அல்லவா?

அன்பர்களே, நம் திருமுழுக்கு ஆடை பெட்டியில் மஞ்சளித்துக் கிடக்கலாம். அதனால் குறைவில்லை, முதல் கிறிஸ்தவர்களும் அதைக் கழற்றி வைத்தவர்களே. கழற்றிய பின் திங்கட்கிழமை கடைத்தெருவில் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் கேள்வி. நமக்கும் அதே கேள்விதான். ஊரார் முன் வெளுத்துக் காட்டும் சுண்ணம் நமக்கு வேண்டாம். இலத்தீன் அடைமொழி தன் பெயர்ச்சொல்லின் வடிவத்தையே ஏற்கிறது. 'கிறிஸ்தவர்' என்பதும் ஓர் அடைமொழிதான். அது கிறிஸ்துவின் சாயலை ஏற்கட்டும். ஆமென்.