ஆன் ஆர்பர் மாணவர் குழுக்கள்: 1960 முதல் 2021 வரை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு மேற்கே ஹியூரான் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் ஆன் ஆர்பர். 1817இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய மிச்சிகன் பல்கலைக்கழகம் 1837இல் இங்கே குடிபெயர்ந்தது. ஊரின் வாழ்வு அன்றிலிருந்து பல்கலைக்கழகத்தோடு பிணைந்துவிட்டது. ஏழை நாடுகளின் வளர்ச்சியில் மாணவர்களுக்கு என்ன பங்கு என்ற கேள்வியும், பூமியின் காற்றையும் நீரையும் காப்பது யார் பொறுப்பு என்ற கேள்வியும் இந்த ஒரே வளாகத்தில், பத்தாண்டு இடைவெளியில், இரண்டு வெவ்வேறு மாணவர் குழுக்களால் எழுப்பப்பட்டன. இரண்டும் வெறும் வளாகப் பரபரப்பாக அடங்கிவிடவில்லை. முதலாவது அமெரிக்க அரசின் ஒரு புதிய அமைப்பாக உருப்பெற்றது. இரண்டாவது சட்டங்களிலும் ஊரின் குப்பை வண்டியிலும்கூடத் தடம் பதித்தது.

முதல் கதை 1960ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தல் காலத்தில் தொடங்குகிறது. அக்டோபர் 13 அன்று எதிர் வேட்பாளர் நிக்ஸனுடன் மூன்றாவது தொலைக்காட்சி விவாதத்தை முடித்துக்கொண்டு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கென்னடி விமானத்தில் மிச்சிகன் வந்தார். மறுநாள் காலை ரயிலில் மாநிலம் முழுக்கப் பிரசாரம் செய்வது திட்டம். இரவு தங்குவதற்காக அவர் ஆன் ஆர்பரின் மாணவர் சங்கக் கட்டடமான மிச்சிகன் யூனியனை அடைந்தபோது மணி 2ஐத் தாண்டியிருந்தது. அங்கே அவருக்காக மாணவர் கூட்டம் விழித்துக் காத்திருந்தது. 10,000 பேர் வரை இருந்ததாக மதிப்பிடுவார்கள். கட்டடத்தின் படிகளில் நின்று அவர் எழுதி வைக்காத உரை ஒன்றை நிகழ்த்தினார். அது சில நிமிடங்களே நீடித்தது. மருத்துவர்களாகப் போகும் உங்களில் எத்தனை பேர் கானாவில் பணிபுரிய ஆயத்தமாக இருக்கிறீர்கள், பொறியாளர்களாகப் போகிறவர்களில் எத்தனை பேர் வெளிநாடுகளில் உழைக்க முன்வருவீர்கள் என்பதுதான் உரையின் சாரம். திட்டத்தின் பெயரையோ செலவுக் கணக்கையோ, எப்போது தொடங்கும் என்பதையோ அவர் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி புதிதல்ல. நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி ராய்ஸும் செனட்டர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியும் இளைஞர்களை வெளிநாட்டுத் தொண்டுக்கு அனுப்பும் யோசனையை ஏற்கெனவே வாஷிங்டனில் முன்வைத்திருந்தார்கள். அது கோப்புகளில் உறங்கிக் கிடந்தது. அதை எழுப்பியவர்கள் மாணவர்கள். கென்னடி வந்து போன சில நாட்களில், வெளிநாட்டுக் கொள்கையில் அவருக்கு ஆலோசகராக இருந்தவரும் இந்தியாவில் அமெரிக்கத் தூதராகப் பணியாற்றியவருமான செஸ்டர் போல்ஸ் ஆன் ஆர்பருக்கு வந்து பேசினார். நைஜீரியாவில் பணிபுரியும் தன் மகன் குடும்பத்தைப் பற்றி அவர் சொன்னதை, ஆலன் கஸ்கின், ஜூடித் கஸ்கின் என்ற பட்ட மேற்படிப்புத் தம்பதி கேட்டுக்கொண்டிருந்தனர். இருவரும் ‘மிச்சிகன் டெய்லி’ என்ற மாணவர் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார்கள். இப்படி ஒரு தொண்டுக்கு மனமிருப்பவர்கள் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதே கடிதத்தின் வேண்டுகோள்.

அந்தக் கடிதத்தைச் சுற்றி ஒரு குழு திரண்டது. ‘உலகப் பொறுப்பேற்கும் அமெரிக்கர்கள்’ என்பது அதன் பெயர். வளர்ந்துவரும் நாடுகளில் பணிபுரியத் தாங்கள் ஆயத்தம் என்று உறுதி கூறும் மனுவில் ஏறத்தாழ 1,000 மாணவர்கள் கையெழுத்திட்டனர். தொழிற்சங்கத் தலைவரும் ஜனநாயகக் கட்சியின் முக்கியப் பொறுப்பாளருமான மில்ட்ரெட் ஜெஃப்ரியின் வழியே செய்தி கென்னடியின் பிரசாரக் குழுவை எட்டியது. ஒரு வேட்பாளர் போகிற போக்கில் எழுப்பிய கேள்விக்கு ஆயிரம் பேர் எழுத்தில் பதில் தந்ததுதான் அரசியல்வாதிகளின் கணக்கை மாற்றியது. நவம்பர் 2 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘பீஸ் கோர்’ என்ற தொண்டர் அமைப்பைக் கென்னடி தன் வாக்குறுதியாகவே அறிவித்தார். தேர்தலுக்கு முன்பாக ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ விமான நிலையத்தில் ஆன் ஆர்பர் மாணவர்கள் அவரைச் சந்தித்து மனுவைக் காட்டினார்கள். அப்போதைய குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் இந்தத் திட்டத்தைச் சிறுபிள்ளைத்தனமான சோதனை என்று ஒதுக்கினார். கட்டாய ராணுவச் சேவையிலிருந்து தப்ப நினைப்பவர்களின் புகலிடமாக இது ஆகிவிடும் என்றார் நிக்ஸன். 1961 மார்ச் 1 அன்று, பதவியேற்ற ஆறாவது வாரத்தில், கென்னடி அமைப்பை நிறுவும் ஆணையில் கையெழுத்திட்டார்.

தொண்டர்களின் முதல் குழு அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் கானாவின் தலைநகர் அக்ராவில் இறங்கியது. சுமார் 50 ஆசிரியர்கள் விமான நிலையத்திலேயே ட்வி மொழியில் பாட்டுப் பாடி வரவேற்றோரை வியக்கவைத்தனர். கஸ்கின் தம்பதி தாய்லாந்துக்குச் சென்று பணியாற்றினர். இந்தியாவில் 1961 முதல் 1976 வரை தொண்டர்கள் இருந்தார்கள். கோழி வளர்ப்பு, வேளாண்மை, சுகாதாரம் ஆகியவை அவர்களின் முக்கியப் பணிகள். பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர், 68 வயதில் தொண்டராகி, மும்பைக்கு அருகே விக்ரோலியில் செவிலியராகப் பணிபுரிந்தார்.

இந்த உற்சாகத்துக்கு மறுபக்கமும் இருந்தது. 1961 அக்டோபரில் நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சி பெற்றுவந்த ஓர் அமெரிக்கத் தொண்டர், அந்த ஊரின் வறுமையையும் சுகாதாரக் கேட்டையும் பற்றித் தன் நண்பருக்கு அஞ்சலட்டை எழுதினார். அது வழியில் தவறி விழுந்து நைஜீரிய மாணவர்களின் கைக்குப் போனது. அவர்கள் அதைப் படியெடுத்து வளாகமெங்கும் பரப்பினார்கள். கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். தொண்டர்களைத் திருப்பி அனுப்பவும் கோரினார்கள். ஓராண்டு முன்புதான் விடுதலை பெற்ற நாடு அது. தங்களை முன்னேற்ற வந்ததாகச் சொல்பவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க அந்த மாணவர்களுக்கு முழு உரிமை உண்டு. பீஸ் கோர் வரலாற்றில் இந்தச் சம்பவம் அஞ்சலட்டையை எழுதியவரின் சங்கடமாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. இபாதான் மாணவர்களின் கோபத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வளர்ச்சிப் பணியில் பெறுபவரின் குரலுக்கு எங்கே இடம் என்று கேட்ட முதல் மாணவர் கூட்டங்களில் அதுவும் ஒன்று.

அடுத்த திருப்பம் வியட்நாம் போரால் வந்தது. 1965இல் போரை எதிர்த்து ஒரு நாள் வகுப்புகளை நிறுத்த ஆன் ஆர்பர் பேராசிரியர்கள் சிலர் திட்டமிட்டனர். ஆளுநரும் சட்டமன்றமும் பல்கலைக்கழக நிர்வாகமும் கடுமையாக எதிர்த்தன. பாடத்தை நிறுத்துவதற்குப் பதில் கூடுதலாகப் பாடம் நடத்தலாமே என்ற யோசனையை மானிடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ் கொண்டுவந்தார். மார்ச் 24 இரவு 8 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரை ஏஞ்சல் ஹால் கட்டடத்தில் சொற்பொழிவுகளும் விவாதங்களும் நடந்தன. வெடிகுண்டு மிரட்டல் வந்து இடையில் எல்லோரும் பனியில் வெளியேற வேண்டியிருந்தது. இருந்தும் 3,000க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். ‘டீச்-இன்’ என்ற இந்த முறை அந்த ஆண்டே நாட்டின் பல வளாகங்களுக்கும் பரவியது. வகுப்பறையைப் பூட்டாமல் திறந்து வைத்தே எதிர்ப்பைத் தெரிவிக்கும் முறை என்பதால் நிர்வாகத்தால் எளிதில் தடுக்க முடியவில்லை. தயங்கி நின்றவர்களும் கேட்கவாவது வந்தார்கள்.

இந்த முறையைத்தான் சுற்றுச்சூழல் இயக்கம் எடுத்துக்கொண்டது. 1969 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கரையெல்லாம் கறுத்தது. ஜூன் மாதம் கிளீவ்லாந்தில் கழிவு மிதந்த கயஹோகா ஆறு தீப்பிடித்து எரிந்தது. அந்தச் செப்டம்பரில், நாடு முழுவதும் சுற்றுச்சூழலுக்காக டீச்-இன் நடத்த வேண்டும் என்று செனட்டர் கேலார்ட் நெல்சன் அறைகூவல் விடுத்தார். அதுவே 1970 ஏப்ரல் 22 அன்று முதல் ‘பூமி நாள்’ ஆனது. ஆனால் ஏப்ரல் கடைசி என்பது மிச்சிகன் மாணவர்களுக்குத் தேர்வுக் காலம். அதனால் இயற்கை வளப் பள்ளியின் மாணவர்கள் முன்னின்று அமைத்த ‘எனாக்ட்’ என்ற குழு, மார்ச் மாதத்திலேயே தன் நிகழ்ச்சியை நடத்த முடிவு செய்தது. நாட்டின் மிகப் பெரிய சுற்றுச்சூழல் கூட்டங்களில் ஒன்று பூமி நாளுக்கு ஆறு வாரம் முன்பே நடந்ததற்குக் காரணம் தேர்வு அட்டவணைதான்.

மார்ச் 11 முதல் 14 வரை நான்கு நாட்கள். கிரைஸ்லர் அரங்கில் நடந்த தொடக்க விழாவுக்கு 14,000 பேர் போல வந்தனர். ஆளுநர் வில்லியம் மில்லிக்கனும் உயிரியலாளர் பேரி காமனரும் பேசினார்கள். கார்டன் லைட்ஃபுட் பாடினார். மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளுக்கு 50,000 பேர் வரை வந்ததாகக் கணக்கு. வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்தரும் மேடையேறினார். இது சிறிய விஷயமல்ல. அருகிலுள்ள டெட்ராய்ட் அமெரிக்காவின் கார்த் தொழில் தலைநகரம். காரை நம்பிப் பிழைப்பவர்களின் தலைவர், காரின் புகையைப் பற்றிப் பேசும் மாணவர்களோடு நின்றார். வளாகத்தின் நடுவே ‘டயாக்’ என்ற திறந்தவெளியில் 1959ஆம் ஆண்டு ஃபோர்டு கார் ஒன்றுக்கு வழக்கு விசாரணை நடந்தது. குற்றம் நிரூபணமானதாகத் தீர்ப்புச் சொல்லி மாணவர்கள் அதைச் சம்மட்டியால் உடைத்தார்கள். திருப்பி வாங்கிக்கொள்ளாத ஆயிரக்கணக்கான குளிர்பான டின்களை ஓர் ஆலையின் வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

அடுத்த வாரமே அதே வளாகத்தில் கறுப்பின மாணவர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. மாணவர் சேர்க்கையில் கறுப்பினத்தவர் 10 சதவீதமாக வேண்டும் என்பது தலைமையான கோரிக்கை. மார்ச் 20 முதல் ஏப்ரல் முதல் நாள் வரை வகுப்புகள் முடங்கின. இறுதியில் நிர்வாகம் அந்த இலக்கை ஏற்றது. காற்றையும் நீரையும் பற்றிய பேச்சு, நகரத்தின் ஏழைகளையும் இனப் பாகுபாட்டையும் மறக்கடிக்கிறதா என்று அன்றைய தீவிர மாணவர்கள் கேட்டார்கள். எனாக்ட் நிகழ்ச்சியின் வெற்றியைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிடக் கூடாது. சுற்றுச்சூழல் நீதி என்று பின்னாளில் வலுத்த கருத்துக்கு இந்த உரசலும் ஒரு விதை.

எனாக்ட் ஒரு குழுவாக நெடுநாள் நிலைக்கவில்லை. மாணவர்கள் பட்டம் பெற்றுப் பிரிந்தார்கள். அது விட்டுச்சென்றவை நிலைத்தன. அந்த நிகழ்ச்சியின் தொடர்ச்சியாக 1970இலேயே ஆன் ஆர்பரில் ‘எக்காலஜி சென்டர்’ என்ற மையம் அமைந்தது. மக்கள் தாங்களே கொண்டுவந்து தரும் பழைய தாளையும் கண்ணாடியையும் டின்னையும் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் வேலையில் அது இறங்கியது. 1970களின் இறுதியில் வீட்டு வாசலிலேயே அவற்றைச் சேகரிக்கும் சேவையும் ஊரில் தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் ஜோசப் சாக்ஸ் வரைந்த மிச்சிகன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1970இல் நிறைவேறியது. காற்றையோ நீரையோ கெடுப்பவர் மீது எந்தக் குடிமகனும் வழக்குத் தொடரலாம் என்றது அச்சட்டம். குளிர்பானப் புட்டிகளுக்கும் டின்களுக்கும் 10 சென்ட் வைப்புத்தொகை வாங்கி, காலியானதைத் திருப்பித் தந்தால் காசைத் திருப்பித் தரும் ஏற்பாட்டை 1976இல் மிச்சிகன் வாக்காளர்கள் ஏற்றனர். 1978இல் அது நடைமுறைக்கு வந்தது.

அதன்பின் கேள்வி பல்கலைக்கழகத்தின் பணப்பெட்டியை நோக்கித் திரும்பியது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசோடு தொழில் செய்யும் நிறுவனங்களில் பல்கலைக்கழகம் வைத்திருந்த பங்குகளை விற்க வேண்டும் என்று மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். 1983இல் ஆட்சிக்குழு பெரும்பகுதியை விற்க முடிவு செய்தது. மிச்சத்தையும் விற்கச் சொல்லி 1986இல் டயாக் வெளியில் மாணவர்கள் ஒரு குடிசையை எழுப்பி நிறுத்தினார்கள். 1999 மார்ச்சில் வேறொரு குழு பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் உட்கார்ந்து மறியல் செய்தது. பல்கலைக்கழகத்தின் சின்னம் பொறித்த உடைகள் உலகின் எந்தத் தொழிற்சாலையில், எந்த நிலையில் தைக்கப்படுகின்றன என்று வெளிப்படுத்த வேண்டும் என்பது அதன் கோரிக்கை. 1960இல் தொலைதூர நாட்டுக்குப் போய் உதவுவது பற்றி மட்டுமே எண்ணிய வளாகம், தான் உடுத்தும் சட்டையே அந்த நாடுகளோடு தன்னைக் கட்டியிருப்பதை நாற்பதாண்டுகள் கழித்துக் கணக்கில் எடுத்தது.

1987இல் வெளியான புருண்ட்லாண்ட் ஆணைய அறிக்கை, வறுமை ஒழிப்பையும் சுற்றுச்சூழலையும் ‘நீடித்த வளர்ச்சி’ என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. தனித்தனியே ஓடிய இரண்டு ஓடைகளும் மாணவர் குழுக்களில் கலந்தன. ஆன் ஆர்பரில் பொறியியல் மாணவர்கள் 2000களின் தொடக்கத்தில் அமைத்த ‘ப்ளூலேப்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தண்ணீர், ஆற்றல், சுகாதாரம் சார்ந்த கருவிகளை வெளிநாட்டு ஊர்களின் மக்களோடு சேர்ந்து வடிவமைப்பது அதன் வேலை. செலவு குறைவாக இருக்க வேண்டும், உள்ளூரில் கிடைக்கும் பொருளால் செய்ய வேண்டும், பழுதானால் அங்குள்ளவரே சரிசெய்ய முடிய வேண்டும் என்பவை இத்தகைய குழுக்களுக்குப் பொதுவான விதிகள். இவற்றுக்கெல்லாம் பெரிய சிக்கல் மாணவர் வாழ்வின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு கிராமத்தின் நம்பிக்கையைப் பெற ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம். மாணவர் வளாகத்தில் இருப்பதோ நான்கு ஆண்டுகள். பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் முறையைச் செம்மைப்படுத்திய குழுக்களே நிலைத்திருக்கின்றன.

அடுத்த பெரும் போராட்டம் பருவநிலை மாற்றம் பற்றியது. 2019 மார்ச் 15 அன்று உலகெங்கும் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்த நாளில், ஆன் ஆர்பரிலும் ஊர்வலம் நடந்தது. அதன் முடிவில் ஒரு பகுதியினர் நிர்வாகக் கட்டடத்துக்குள் அமர்ந்து மறியல் செய்து கைதானார்கள். கார்பன் வெளியேற்றத்தை நிறுத்துவது எப்போது என்று நிர்வாகம் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. 2021 மார்ச் மாதம், நிலக்கரி, எண்ணெய் சார்ந்த பெருநிறுவனங்களில் நேரடியாக முதலீடு செய்வதை நிறுத்தவும், தன் முதலீடுகள் அனைத்தையும் 2050க்குள் நிகர சுழிய உமிழ்வு நிலைக்குக் கொண்டுவரவும் ஆட்சிக்குழு தீர்மானித்தது. வளாகத்தின் உமிழ்வைக் குறைப்பதற்கான கால இலக்குகள் அதே ஆண்டு மே மாதம் ஏற்கப்பட்டன.