சாளரத்துச் செடியும் சிவப்புச் சிலந்தியும்



நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், நான்காம் ஆண்டு வகுப்பறையின் சாளரத்தோரம் வைத்திருந்த செடிகளைக் கண்டு மாணவர்கள் முகம் வாடினர். ரோசாச் செடி இரண்டு, குரோட்டன் ஒன்று, பால் டின்னில் முளைத்த அவரைக்கொடி ஒன்று. இலைகளெங்கும் ஊசியால் குத்தியதுபோல் வெளிர்மஞ்சள் புள்ளிகள். காம்புகளுக்கிடையே மெல்லிய நூலாம்படை. ஒரு மாணவி இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், தூசி நடக்குது!" என்றாள்.

அச்சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. நடக்கும் அந்தத் தூசிக்குப் பெயர் சிலந்திப்பேன். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அதன் உறவினனைச் 'சிவப்புச் சிலந்தி' என்று அறிவார்கள்.

மறுநாள் காலை, காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் தந்தை ஒருவர் சிறிய போத்தல் ஒன்றைக் கொண்டு வந்தார். அதன் சீட்டு பாதி கிழிந்திருந்தது. "ஒரு மூடி ஊத்தி அடிச்சாப் போதும் டீச்சர், ஒண்ணு இருக்காது" என்றார். நல்ல உள்ளத்தோடுதான் கொண்டு வந்தார். "வேண்டாம் அண்ணே, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்" என்று நான் மறுத்தபோது அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. ஏன் மறுத்தேன் என்பதை அன்று அவருக்குச் சரியாக விளக்க இயலவில்லை. அந்த விளக்கமே இக்கட்டுரை.

பெயரில் ஒளிந்திருக்கும் காப்பி

சிலந்திப்பேன் பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்கு ஆறு கால்கள். வளர்ந்த சிலந்திப்பேனுக்கு எட்டு. சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் குடும்பம் அது. உடலின் நீளம் அரை மில்லிமீட்டர் அளவே. இலையின் உயிரணுக்களைக் குத்திச் சாற்றை உறிஞ்சும்; சாறு இழந்த இடம் புள்ளியாக வெளுக்கும்.

வீட்டுச் செடிகளில் நாம் பெரும்பாலும் காண்பது இருபுள்ளிச் சிலந்திப்பேன். 1836-இல் கோக் என்னும் செருமானிய அறிஞர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அது இலையின் அடிப்புறத்தில் வாழும். தேயிலையைத் தாக்கும் சிவப்புச் சிலந்தியோ முற்றிய இலையின் மேற்புறத்திலேயே பெரும்பாலும் குடியிருக்கும். அது உறிஞ்சிய இலை செம்பு நிறமாக மாறிக் காய்ந்து உதிரும்.

இந்தத் தேயிலைப் பகைவனின் அறிவியல் பெயர் 'ஒலிகோனிக்கஸ் காஃபியே'. தேயிலையைத் தின்னும் உயிருக்குக் காப்பியின் பெயர் ஏன் வந்தது? அதற்கு விடை இலங்கை மலைநாட்டில் உள்ளது. அங்கே காப்பித் தோட்டம் நடத்திய நீட்னர் என்பவர், காப்பிச் செடியின் பகைவர்களைப் பற்றி 1861-இல் ஒரு நூல் வெளியிட்டு, அதில் இச்சிற்றுயிரை முதன்முதலாக விவரித்தார். அக்காலத்தில் அக்காப்பிக் காடுகளில் உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்தும் கால்நடையாகவும் சென்ற நம் மக்கள். 1869 முதல் இலைத்துரு நோய் பரவி இலங்கைக் காப்பியை அழித்தது. 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, உழைத்த கைகள் மாறவில்லை, பேனின் பெயரும் மாறவில்லை.

அசாம் தோட்டங்களில் 1868-ஆம் ஆண்டிலேயே சிவப்புச் சிலந்தி தேயிலையில் காணப்பட்டது. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வுட்-மேசன் 1884-இல் அது குறித்து அறிக்கை எழுதினார். ஒரு கடுகிலும் சிறிய உயிருக்காக அறிக்கை எழுத வேண்டியிருந்தது என்றால், அது விளைவித்த இழப்பை நாம் உணரலாம்.

பகாங் மலைக்கு வந்த தேயிலை

1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியில் ஆய்வு செய்தார். அவர் பெயரே கேமரன் மலைக்கு நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்ன் என்பவருடன் சேர்ந்து இங்கே போ தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் சுங்கை பாலாஸ் போன்ற தோட்டங்களும் உருவாயின. 1933-இல் பாரத் நிறுவனமும் இம்மலையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கியது.

அப்போது மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்து, கங்காணிமுறை நடந்துகொண்டிருந்தது. உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. அதற்குள் இங்கே வந்து சேர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே காட்டைத் திருத்தினர், கன்று நட்டனர், கொழுந்து பறித்தனர். இன்று இத்தோட்டங்களில் வேலை செய்வோருள் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். கையால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரியும் இயந்திரமும் வெட்டுகின்றன. ஆயினும் எங்கள் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பல பெயர்களுக்குப் பின்னால் கொழுந்துக் கூடை சுமந்த ஒரு பாட்டி இருக்கிறார்.

மழை அறிந்த உண்மை

சிவப்புச் சிலந்திக்கு வறட்சி பிடிக்கும், வெயில் பிடிக்கும், தூசி பிடிக்கும். நிழல் மரம் இல்லாத இடத்திலும் செம்மண் சாலையோரத்திலும் உள்ள செடிகளில்தான் அது முதலில் பெருகும். பெருமழை பெய்தால் இலையின் மேலிருந்து அடித்துச் செல்லப்படும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் எங்கள் மலையில், வானமே தேயிலைக்கு மருந்தடிக்கிறது எனலாம். மழை குறையும் ஆண்டுத் தொடக்கத்தில்தான் சாலையோரச் செடிகளைக் கூர்ந்து நோக்கவேண்டும்.

இப்போது சாளரத்துச் செடிக்கு வருவோம். அதற்கு மழை இல்லை. இலையில் படியும் தூசியைக் கழுவ எவருமில்லை. பொறிவண்டு முதலிய நட்பு உயிர்களும் அறைக்குள் எளிதில் வருவதில்லை. கேமரன் மலையில் ஸ்ட்ராபெரியும் பூச்செடிகளும் பிளாஸ்டிக் கூரையின் கீழ் வளர்கின்றன. மழை படாத அவ்விடங்களிலும் சிலந்திப்பேன் தொல்லை தருவது இதே காரணத்தால்தான். கூரை செடியை மழையிலிருந்து காக்கிறது. பேனையும் சேர்த்துக் காக்கிறது.

என் பாட்டி லயத்து வீட்டு வாசலில் பழைய டின்களில் ரோசா வளர்த்தார். முகம் கழுவும்போதெல்லாம் ஒரு கை நீரை அள்ளி, செடியின் அடியிலிருந்து மேல்நோக்கி வீசுவார். வேருக்கு ஊற்றாமல் இலைக்கு ஏன் வீசுகிறார் என்று சிறுவயதில் வியந்திருக்கிறேன். இலையின் அடிப்புறத்துக்கு மழை எட்டாது என்பதை அவருடைய கை அறிந்திருந்தது.

மருந்து வளர்த்த பகைவன்

மருந்தடித்தால் பேன் ஒழியாதா என்று கேட்கலாம். அதன் வரலாறு நமக்கு ஓர் எச்சரிக்கை.

டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலை 1939-இல் பால் முல்லர் கண்டறிந்தார். 1948-இல் நோபல் பரிசும் பெற்றார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அம்மருந்து உலகெங்கும் தோட்டங்களில் தெளிக்கப்பட்டது. பூச்சிகள் மடிந்தன. ஆனால் சிலந்திப்பேன் முன்னெப்போதும் இல்லாத அளவு பெருகியது! காரணம் எளிது. பேன் பூச்சியன்று, டி.டி.டி. அதனை அவ்வளவாகக் கொல்லவில்லை. பேனைத் தின்று வாழ்ந்த கருநிறக் குட்டிப் பொறிவண்டுகளையும் மற்ற இரைதின்னிகளையும் அது கொன்றது. காவலரைக் கொன்றுவிட்டுக் கள்வனை விட்டுவைத்த கதை.

பின்னர் பேனைக் கொல்வதற்கென்றே 1950-களில் டைக்கோஃபால் வந்தது. அது டி.டி.டி.யிலிருந்தே செய்யப்பட்ட மருந்து என்பது வேடிக்கை. இந்தியத் தேயிலைத் தோட்டங்களிலும் அது பல்லாண்டுகள் பயன்பட்டது. நெடுங்காலம் சிதையாமல் சூழலில் தங்கும் நச்சுகளை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் அது 2019-இல் சேர்க்கப்பட்டது.

இலங்கைத் தேயிலையும் இதே பாடத்தை வேறொரு பகைவனிடம் கற்றது. இலை சுருட்டும் புழுவை அடக்க 1935-36-இல் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டு வந்தார்கள், புழு அடங்கியது. 1950-களில் தண்டு துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் தெளித்தார்கள், குளவி மடிந்தது, புழு மீண்டும் தலைதூக்கியது.

பம்பைச் சுமந்தவர் யார்?

வரலாற்று நூல்களில் தோட்ட முதலாளியின் பெயர் இருக்கும். பூச்சிக்குப் பெயரிட்ட அறிஞரின் பெயர் இருக்கும். மருந்துப் பம்பை முதுகில் சுமந்தவரின் பெயர் இராது.

நெதர்லாந்தில் ஜான் கோப்பர்ட் என்னும் வெள்ளரிக்காய் விவசாயி இருந்தார். பூச்சிக்கொல்லி அவருடைய உடலுக்கு ஒவ்வாமற் போயிற்று. அதற்கு முன்பு, 1958-இல், சிலி நாட்டிலிருந்து செருமனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளோடு பேனைத் தின்னும் பேன் ஒன்றும் தற்செயலாக வந்து சேர்ந்திருந்தது. கோப்பர்ட் அவ்வினத்தைத் தம் கண்ணாடிக் குடிலில் விட்டார். 1967-இல் அதையே தொழிலாகத் தொடங்கினார். மருந்து தம் உடலைத் தாக்கியதும் வேறு வழி தேட அவரால் முடிந்தது. ஏனெனில் தோட்டமும் அவருடையது, பம்பும் அவருடையது, முடிவும் அவருடையது.

நம் தாய்மார்களுக்கு அந்த உரிமை இருந்ததா? மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்கள் நஞ்சால் படும் துன்பத்தைத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அவ்வமைப்பை ஐரின் ஃபெர்னாண்டஸ் வழிநடத்தினார். அப்பெண்களில் பலர் தமிழர். அவர்கள் அடித்தவற்றுள் பாராகுவாட் முதன்மையானது. அது களைக்கொல்லி, சிலந்திப்பேனுக்கான மருந்தன்று. ஆனால் பம்பு ஒன்றே, முதுகும் ஒன்றே. பாராகுவாட்டுக்கு 2002-இல் தடை அறிவிக்கப்பட்டது, 2006-இல் தளர்த்தப்பட்டது, 2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளில் எத்தனை முதுகுகள் நனைந்திருக்கும்!

அந்தப் பாதி கிழிந்த சீட்டைக் கண்டதும் எனக்கு நினைவு வந்தது இதுதான். எழுத்தறியாத தலைமுறை, தான் படிக்க முடியாத சீட்டு ஒட்டிய மருந்தை அடித்தது. எழுத்தறிந்த தலைமுறையின் கைக்கு, சீட்டே இல்லாத போத்தலை நான் எவ்வாறு கொடுப்பேன்?

நாங்கள் செய்தது

1. தாக்குண்ட செடிகளை மற்றவற்றிலிருந்து பிரித்தோம்.

2. வெள்ளைத் தாளைப் பிடித்து அதன்மேல் இலையைத் தட்டினோம். நகரும் புள்ளிகளை உருப்பெருக்கியால் எண்ணிக் குறித்தோம். முதல் நாள் ஒரே இலையில் 43.

3. செடிகளை வெளியே எடுத்துச் சென்று, இலைகளின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவினோம். நூலாம்படையை விரலால் வழித்தெடுத்தோம்.

4. ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவச் சோப்பைக் கலந்தோம். முதலில் ஓர் இலையில் மட்டும் தடவி ஒருநாள் பார்த்தபின், மாலை வேளையில் இலையின் இருபுறமும் தெளித்து, சற்று நேரத்தில் நல்ல நீரால் கழுவினோம். கடும் வெயிலில் இதைச் செய்யலாகாது.

5. நான்கு நாளைக்கு ஒருமுறை இதனைத் திரும்பச் செய்தோம். சோப்பு நீர் பேனைக் கொன்றாலும் முட்டை தப்பிவிடும். வெப்பமான ஊரில் ஒரு வாரத்திலேயே முட்டையிலிருந்து முழுவளர்ச்சி அடைந்துவிடும். எங்கள் குளிர்மலையில் இரண்டு, மூன்று வாரங்கள் ஆகலாம். ஆகவே ஒருமுறை கழுவிவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது.

6. கொசு, கரப்பான் ஆகியவற்றுக்கான தெளிப்பு மருந்தைச் செடியின் பக்கமே கொண்டு செல்லவில்லை.

நான்கு வாரங்கள் கழிந்தன. குரோட்டனைக் காப்பாற்ற இயலவில்லை. பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். அவரை நலிந்து, பின் புதுத்தளிர் விட்டது. இரண்டு ரோசாக்களும் பிழைத்தன. கடைசியாக எண்ணியபோது தாளில் இரண்டே புள்ளிகள் நகர்ந்தன. முற்றாக ஒழிந்துவிட்டது என்று நான் மாணவர்களிடம் சொல்லவில்லை. தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றேன்.

அந்தத் தந்தையும் ஒருநாள் வந்து பார்த்தார். தம் மகன் எழுதிய எண்ணிக்கைக் குறிப்பைப் படித்தார். சற்று நேரம் கழித்து, "எங்க அம்மாவும் மருந்துதான் அடிச்சாங்க டீச்சர்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! உங்கள் வகுப்பறையிலோ வீட்டிலோ ஒரு செடி வாடினால், முதலில் பிள்ளையிடம் உருப்பெருக்கியைக் கொடுங்கள். இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின், வீட்டில் முதியோர் இருப்பின் அவர்களிடம் தோட்டத்து வேலையைப் பற்றிக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். பம்பு சுமந்தவர்களின் பெயர்களை நம் பிள்ளைகளின் ஏடுகளிலாவது பதிந்துவைப்போம்.