ஜான் கிரிகோரியும் வடசென்னைக் கால்பந்தும்

ஜான் கிரிகோரி (ஜான் சார்லஸ் கிரிகோரி, பிறப்பு: மே 11, 1954) இங்கிலாந்தைச் சேர்ந்த முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர், பயிற்சியாளர். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடரில் ஆடும் சென்னையின் எஃப்.சி. அணிக்கு 2017 முதல் 2019 வரை தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அவருடைய முதல் பருவத்தில் அணி கோப்பையை வென்றது. அடுத்த பருவத்தில் புள்ளிப்பட்டியலின் கடைசி இடத்துக்குச் சென்றது. கோப்பை வென்ற அணியின் நடுக்களத்தில் ஆடியவர் வடசென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த தனபால் கணேஷ். ஒப்பந்தத்தை நம்பி நடக்கும் தொழில்முறைக் கால்பந்து, வேலையை நம்பி வளர்ந்த வடசென்னைக் கால்பந்தைச் சந்தித்த காலகட்டமாக இந்த ஆண்டுகளைக் கொள்ளலாம்.

பிறப்பு, ஆட்ட வாழ்க்கை

ஜான் கிரிகோரி இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் உள்ள ஸ்கன்தார்ப்பில் பிறந்தார். அவர் தந்தையும் கால்பந்து வீரர். வெஸ்ட் ஹாம், ஸ்கன்தார்ப் ஆகிய அணிகளுக்கு ஆடியவர். கிரிகோரி 1972-ல் நார்தாம்ப்டன் டவுன் என்ற கீழ்ப்பிரிவு அணியில் ஆடத் தொடங்கினார். ஐந்து ஆண்டுகளுக்குப்பின் 1977-ல் முதல் பிரிவு அணியான ஆஸ்டன் வில்லா அவரை வாங்கியது.

அக்காலத்தில் இங்கிலாந்தில் சட்டை எண் என்பது ஆட்டக்காரரின் இடத்தைக் குறிப்பது. 2 வலது பின்காவலர், 3 இடது பின்காவலர், 9 நடு முன்கள வீரர் என்பது வழக்கம். கிரிகோரி வில்லா அணியில் 2 முதல் 11 வரையுள்ள எல்லா எண்களையும் அணிந்து ஆடியவர். வடசென்னை மைதானங்களில் ‘லெஃப்ட் பேக்’ என்று சொல்லப்படும் இடம் முதல் முன்களம் வரை எல்லா இடங்களிலும் நின்றிருக்கிறார். ஓர் இடத்தில் தேர்ந்தவர் என்பதைவிட எந்த இடத்தில் ஆள் குறைந்தாலும் அங்கே ஆடக்கூடியவர் என்பதே அவருடைய அடையாளமாக இருந்தது.

1979-ல் பிரைட்டன் அணிக்கும், 1981-ல் டெர்ரி வெனபிள்ஸ் மேலாளராக இருந்த குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் (க்யூ.பி.ஆர்.) அணிக்கும் மாறினார். 1982-ல் க்யூ.பி.ஆர். எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. டாட்டன்ஹாம் அணியுடனான ஆட்டம் 1–1 எனச் சமனில் முடிந்தது. ஐந்து நாட்களுக்குப்பின் நடந்த மறு ஆட்டத்தில் 0–1 எனத் தோற்றது. அடுத்த ஆண்டு அந்த அணி இரண்டாம் பிரிவை வென்று முதல் பிரிவுக்கு உயர்ந்தது. 1983, 1984 ஆண்டுகளில் பாபி ராப்சனின் இங்கிலாந்து அணிக்காக கிரிகோரி 6 ஆட்டங்கள் ஆடினார். 1985-ல் டெர்பி கவுண்டி அணியில் சேர்ந்தார். மூன்றாம் பிரிவிலிருந்த அந்த அணி இரண்டே ஆண்டுகளில் முதல் பிரிவுக்கு வந்தது.

பயிற்சியாளர்

கிரிகோரி 1989-ல் போர்ட்ஸ்மத் அணியின் மேலாளரானார். ஓராண்டில் அப்பதவி முடிந்தது. பிறகு பிரையன் லிட்டிலின் கீழ் லெஸ்டர் சிட்டி, ஆஸ்டன் வில்லா அணிகளில் பயிற்சியாளராகப் பணியாற்றினார். 1996-ல் வைகோம் வாண்டரர்ஸ் அணியின் மேலாளர் ஆனார்.

1998 பிப்ரவரியில் ஆஸ்டன் வில்லா அவரை மேலாளராக அழைத்தது. கீழ்வரிசையில் தடுமாறிக்கொண்டிருந்த அணி அப்பருவத்தை ஏழாவது இடத்தில் முடித்தது. 1998–99 பருவத்தில் முதல் 12 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை. 2000 மே மாதம் பழைய வெம்ப்ளி அரங்கில் நடந்த கடைசி எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் வில்லா செல்சியிடம் 0–1 எனத் தோற்றது. 2002 ஜனவரியில் கிரிகோரி பதவி விலகினார்.

அதன்பின் டெர்பி கவுண்டி, க்யூ.பி.ஆர். என்று தான் ஆடிய அணிகளிலேயே பயிற்சியாளரானார். பிறகு இஸ்ரேல், கஜகஸ்தான் நாடுகளின் கழகங்களிலும், இங்கிலாந்தின் கிராலி டவுன் அணியிலும் பணியாற்றினார். எந்த இடத்திலும் நீண்டகாலம் நிலைக்கவில்லை. 2017 ஜூலையில் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது 63.

வடசென்னைக் கால்பந்து

சென்னையில் கால்பந்து ஆங்கிலேயர் காலத்தில் படை, துறைமுகம், ரயில்வே ஆகியவற்றின் வழியாகப் பரவியது. பெரம்பூர் ரயில்வே பணிமனைகள், 1955-ல் தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., துறைமுகம், பின்னி ஆலை ஆகியவற்றைச் சுற்றி உருவான தொழிலாளர் குடியிருப்புகளில் அது வேரூன்றியது. ராயபுரம், காசிமேடு பகுதிகளில் குத்துச்சண்டையும் கேரமும் எப்படியோ, வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் பகுதிகளில் கால்பந்து அப்படி.

வியாசர்பாடிக்கு வடக்கே உள்ள கொடுங்கையூர், சென்னை மாநகராட்சியின் இரண்டு பெரிய குப்பைக் கிடங்குகளில் ஒன்று அமைந்த இடம். மற்றது பெருங்குடியில் உள்ளது. இப்பகுதியில் வீடுகள் நெருக்கமானவை, திறந்தவெளி குறைவு. வியாசர்பாடி முல்லை நகர் மைதானம் போன்ற சில இடங்களிலேயே சுற்றுவட்டாரப் பிள்ளைகள் ஆடிவந்தார்கள். புல் இல்லாத மண் தரையில், பலர் வெறுங்காலுடன் ஆடிப் பழகியவர்கள்.

இங்கே கால்பந்து வேலைக்கான வழியாகவும் இருந்தது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை போன்ற நிறுவனங்கள் சென்னை லீக்கில் அணிகளை நடத்தின. நன்றாக ஆடுபவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் பணி கிடைக்கும். ஆட்டம் நின்றாலும் வேலை நிற்காது. குத்தகை வீட்டில் வாழும் தொழிலாளர் குடும்பத்துக்கு ஒரு மகனின் கால் தேடித்தரக்கூடிய மிகப்பெரிய பாதுகாப்பு அது. 2014-ல் தொடங்கிய ஐ.எஸ்.எல். தொடர் வேறொரு முறையைக் கொண்டுவந்தது. அதில் பணம் அதிகம், புகழ் அதிகம். ஆனால் எல்லாம் ஒப்பந்தக் காலம் வரை மட்டுமே.

2017–18 பருவம்

சென்னையின் எஃப்.சி. 2015-ல் இத்தாலியரான மார்கோ மட்டராசியின் பயிற்சியில் கோப்பை வென்றது. 2016-ல் ஏழாவது இடத்துக்கு இறங்கியது. அந்நிலையில் கிரிகோரி பொறுப்பேற்றார். முன்னாள் இந்திய முன்கள வீரரும் இந்தியன் வங்கி அணிக்கு ஆடியவருமான சையத் சபீர் பாஷா அவருக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்தார். வேலை சார்ந்த பழைய கால்பந்தின் அனுபவம் இவ்வாறு புதிய அணிக்குள் வந்தது.

அப்பருவத்தில் ஐ.எஸ்.எல். விதி மாறியது. களத்தில் ஒரே நேரத்தில் ஆடும் வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கை ஐந்தாகக் குறைக்கப்பட்டது. பதினொருவரில் குறைந்தது ஆறு பேர் இந்தியராக இருக்கவேண்டும். ஆகவே உள்ளூர் வீரர்களின் தரமே அணியின் தரத்தைத் தீர்மானித்தது. கோல்காவலர் கரன்ஜித் சிங், மிசோரத்தின் இளம் லெஃப்ட் பேக் ஜெர்ரி லால்ரின்சுவாலா, நடுக்களத்தில் தனபால் கணேஷ், அனிருத் தாபா, முன்களத்தில் ஜெஜே லால்பெக்லுவா ஆகியோரைக் கொண்டு கிரிகோரி அணியை அமைத்தார்.

முதல் ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் கோவா அணியிடம் 2–3 எனத் தோல்வி. ஆனால் அணி விரைவில் மீண்டது. 2017 டிசம்பரில் பெங்களூருவில் நடந்த ஆட்டம் 1–1 என்று இருந்தபோது, கடைசி நிமிடங்களில் தனபால் கணேஷ் அடித்த கோல் வெற்றியைத் தந்தது. 18 ஆட்டங்களில் 32 புள்ளிகளுடன் சென்னை இரண்டாம் இடம் பெற்றது. பெங்களூரு 40 புள்ளிகளுடன் முதலிடம்.

அரையிறுதியின் முதல் ஆட்டம் கோவாவில் 1–1 என முடிந்தது. 2018 மார்ச் 13 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் சென்னை 3–0 என வென்றது. ஜெஜே இரண்டு கோல்கள் அடித்தார். மற்றொன்று தனபால் கணேஷ் அடித்தது. முல்லை நகர் மைதானத்திலிருந்து அந்த அரங்கம் சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது.

மார்ச் 17 அன்று இறுதி ஆட்டம் பெங்களூரு ஸ்ரீகண்டீரவா அரங்கில், அதாவது எதிரணியின் சொந்த மைதானத்தில் நடந்தது. 9-ஆம் நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் அடித்தார். பிரேசிலைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டிக் கோலாக்கினார். 67-ஆம் நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோலை அடித்தார். ஆட்டம் 3–2 என முடிந்து சென்னை இரண்டாம் முறையாகக் கோப்பையை வென்றது.

சரிவு

2018–19 பருவத்தில் அதே பயிற்சியாளரின் அணி 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 சமன், 13 தோல்வி எனக் கடைசி இடம் பெற்றது. அணித்தலைவராக இருந்த போர்ச்சுகல் வீரர் ஹென்ரிக் செரெனோ வெளியேறியிருந்தார். தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் அப்பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். முந்தைய பருவத்தில் 9 கோல்கள் அடித்த ஜெஜே இப்போது ஒரே ஒரு கோல் அடித்தார். கிடைத்த இரண்டு வெற்றிகளில் ஒன்று பெங்களூருக்கு எதிரானது.

எனினும் 2019 ஏப்ரலில் அணி சூப்பர் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்று கோவாவிடம் 1–2 எனத் தோற்றது. அதே ஆண்டு கொழும்பு எஃப்.சி.யைத் தகுதிச்சுற்றில் வென்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஏ.எஃப்.சி. கோப்பையில் ஆடியது.

2019–20 பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி கிடைத்தது. நவம்பர் இறுதியில் கிரிகோரி பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்துவந்த ஓவன் கோயில் அதே அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்றார். இந்த வீரர்களால் முடியும் என்பது அதனால் உறுதியானது. அது கிரிகோரியின் கடைசி மாதங்கள் மீதான விமர்சனமாகவும், அவர் தேர்ந்தெடுத்த அணிக்கான சான்றாகவும் ஒருசேர நிற்கிறது.

வரலாற்று இடம்

ஜான் கிரிகோரி சென்னைக்கு ஒரு கோப்பையைப் பெற்றுத்தந்த பயிற்சியாளராக நினைவுகூரப்படுகிறார். எந்த எண் சட்டையிலும் ஆடிய அனுபவம், வெளிநாட்டு நட்சத்திரங்களை மட்டும் நம்பாமல் எல்லா இடங்களுக்கும் பொருத்தமான ஆட்களை அமைக்க அவருக்கு உதவியிருக்கக்கூடும்.

வடசென்னையின் நோக்கில் அவருடைய காலம் வேறொன்றையும் காட்டியது. மண் மைதானத்தில் ஆடிய ஒருவர் நாட்டின் முதன்மைக் கோப்பையை வெல்ல முடியும் என்பது 2018-ல் தெரிந்தது. ஒரு முழங்கால் காயம் ஒரு பருவத்தையே எடுத்துக்கொள்ளும் என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. ஐ.சி.எஃப். வேலையில் இருந்த பழைய தலைமுறை வீரருக்குக் காயம் என்பது ஆட்டத்தின் முடிவு மட்டுமே. ஒப்பந்த வீரருக்கு அது வருமானத்தின் முடிவாகவும் ஆகலாம்.

ஆனாலும் வழி அடைபடவில்லை. 2023 ஆகஸ்டில் கொல்கத்தாவில் மோகன் பகானுக்கு எதிரான டூரண்ட் கோப்பை ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு வெற்றி கோலை அடித்த நந்தகுமார் சேகரும் வடசென்னையைச் சேர்ந்தவரே. பயிற்சியாளர்கள் வந்துபோகிறார்கள். வீரர்களை உருவாக்குவது வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் எஞ்சியிருக்கும் சில மைதானங்களே.