வலி தணிக்கும் மின்தூண்டல்: வரலாறும் வகைகளும்

பிசியோதெரபி மையங்களில் ‘கரண்ட் வைப்பது’ என்று மக்கள் சொல்லும் சிகிச்சையே மின்தூண்டல். இதன் தொடக்கம் மீனில் உள்ளது. புதுச்சேரியை உள்ளடக்கிய சோழமண்டலக் கடலிலும் மின்திருக்கை உண்டு. மத்தியதரைக் கடலில் வாழும் இவ்வகை மீனின் அதிர்ச்சியைத் தலைவலிக்குப் பரிந்துரைத்தார், கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ். 1855 இல் பிரெஞ்சு மருத்துவர் டுஷேன், தோலின் மேல் மின்வாய் வைத்துக் குறிப்பிட்ட தசையைத் தூண்டும் முறையை நூலாக வெளியிட்டார்.

காரணம் விளங்கியது 1965 இல்தான். தொடுவுணர்வு நரம்புகள் தூண்டப்பட்டால், தண்டுவடத்தில் வலிச்செய்தி செல்லும் ‘கதவு’ மூடிக்கொள்கிறது என்றனர் மெல்சாக், வால் இருவரும். அடிபட்ட இடத்தை நாம் தேய்த்துவிடுவதும் இதனால்தான்.

இன்றைய முக்கிய வகைகள்:

* உயர் அதிர்வெண் டென்ஸ்: நொடிக்கு 50 முதல் 100 துடிப்புகள். மெல்லக் கூசும், விரைவில் பலன் தரும், நிறுத்தியதும் பெரும்பாலும் குறையும்.
* தாழ் அதிர்வெண் டென்ஸ்: நொடிக்கு 2 முதல் 4 துடிப்புகள். தசை துடிக்கும், உடலின் சொந்த வலிநீக்கியான எண்டார்பின் சுரக்கத் தூண்டும். பலன் மெதுவாக வந்து சற்று நீடிக்கும்.
* குறுக்கீட்டு மின்னோட்டம்: ஏறத்தாழ 4000 அதிர்வெண் கொண்ட இரு மின்னோட்டங்கள் உடலுக்குள் சந்திக்கின்றன. தோலில் எரிச்சல் குறைவு.

எல்லா வலிக்கும் ஏற்ற ஒரே வகை என்று எதுவும் நிறுவப்படவில்லை. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது. மின்தூண்டல் வலியை அடக்குமே தவிர, அதன் காரணத்தை நீக்காது. வலி உடலின் எச்சரிக்கை மணி. மணியை நிறுத்துமுன் அது ஏன் அடிக்கிறது என்று அறிவதே முறை.