இனிமே கத்தி எதுக்கு?

எங்க சிவகங்கைப் பக்கம், புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிடுச்சுன்னு தெரிஞ்சா வீட்டுப் பெரியவங்க கேட்கிற முதல் கேள்வி, "இனிமே கத்தி எதுக்கு?" இதை அறியாமைன்னு ஒதுக்க எனக்கு மனசு வரலை. ஒரு காலத்துல மருத்துவ உலகமே அப்படித்தான் கேட்டுச்சு.

1923ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, நம்ம பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர். 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை ஆரம்பிச்சார். அப்போ முதுகெலும்புக்குச் செஞ்ச அறுவைக்குப் பேர் லாமினெக்டமி. முதுகுப் பக்கத்து எலும்பை எடுத்து, நசுங்குற தண்டுவடத்துக்கு இடம் விடுறது. ஆனா கட்டி பெரும்பாலும் எலும்போட முன்பக்கத்துல இருக்கும். அதை விட்டுட்டு, நல்லா இருந்த பின்பக்கத்தை எடுத்தா முதுகே ஆட்டம் கண்டுடும். 1980ல் வந்த 29 பேர் ஆய்வு, கதிர்வீச்சோட இந்த அறுவையைச் சேர்த்தும் கூடுதல் பலன் இல்லைன்னு சொல்லிச்சு. கத்தி ஓரங்கட்டப்பட்டது.

2005ல் 'லான்செட்' இதழ்ல பேட்செல் குழுவோட ஆய்வு வந்துச்சு. இந்தத் தடவை தண்டுவடத்தை அழுத்துற கட்டியையே எடுத்து, தேவைப்பட்ட இடத்துல எலும்பை நிலைநிறுத்தினாங்க. மொத்தம் 101 பேர். அறுவையும் கதிர்வீச்சும் பெற்றவங்கள்ல 84 சதவீதம் பேர் நடந்தாங்க. கதிர்வீச்சு மட்டும் பெற்றவங்கள்ல 57. நடக்க முடிஞ்ச நாட்களோட இடைநிலை அளவு 122, மத்தவங்களுக்கு 13. பலன் தெளிவாத் தெரிஞ்சதால ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க.

ஆயுள்ல பெரிய வித்தியாசம் இல்லைங்க. 126 நாள், 100 நாள், அவ்வளவுதான். ஆக, கிடைச்சது அதிக நாள் இல்லை, காலோட இருக்கிற நாள். எங்க ஊர்ப் பழைய வீடுகள்ல கழிப்பறை கடைசிக் கட்டைத் தாண்டிக் கொல்லையில இருக்கும். அதுவரைக்கும் தானே நடந்து போறவருக்கும், மருமகள் கையைப் பார்த்துக் கிடக்கிறவருக்கும் உள்ள தூரம் எந்த அட்டவணையிலயும் அடங்காது.

ஆனா இது எல்லாருக்கும் பொருந்தாது. ஒரே இடத்துல அழுத்தம், குறைஞ்சது மூணு மாசமாவது இருப்பார்ங்கிற நம்பிக்கை, கால் முழுசா விழுந்து 48 மணி நேரத்துக்கு மேல ஆகாம இருக்கணும். இப்படிப்பட்டவங்களைத்தான் அந்த ஆய்வுல சேர்த்தாங்க.

அதனால, ஏற்கெனவே புற்றுநோய் வந்தவருக்குப் புதுசா முதுகுவலி, ராத்திரியில கூடுது, கால் தளருதுன்னா வாயுப்பிடிப்புன்னு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருக்காதீங்க. அன்னைக்கே மதுரைக்கு வண்டி பிடிங்க. பெரியவங்க கேட்ட கேள்வியை அங்கே மருத்துவர்கிட்டயும் கேளுங்க. கூடவே இன்னொண்ணு: "இவரால எழுந்து நடக்க முடியுமா?"