மைஹர் இல்லத்தின் அடுக்களையும் இசையும்

சென்னையிலிருந்து காசி யாத்திரை செல்லும் நம்மவர்கள், ஜபல்பூரைக் கடந்தபின் கட்னிக்கும் சத்னாவுக்கும் இடையே மைஹர் என்றொரு ரயில் நிலையத்தைக் காண்பர். ஊருக்கு அணித்தே ஒரு குன்று. அதன்மேல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளுக்கு அப்பால், சாரதாதேவி கோயில் கொண்டிருக்கிறாள். புளியோதரைப் பொட்டலத்தை அவிழ்த்துப் பங்கிடும் வேளையில் ஊர் பின்னே போய்விடுவதும் உண்டு. இந்துஸ்தானி இசையின் அண்மைக்கால வரலாற்றில் இச்சிற்றூருக்கு இணையாகச் சொல்லத்தக்க ஊர்கள் மிகச் சிலவே.

வடநாட்டில் வாழும் நமக்குக் 'கரானா' என்ற சொல் புதிதன்று. 'கர்' என்றால் வீடு. அவ்வீட்டின் வழிவந்த இசை மரபே கரானா. ஆயினும் கரானாக்களைப் பற்றி எழுதுவோர் ராகத்தையும் தாளத்தையும் விரல் நுட்பத்தையும் விரித்துரைப்பார்களேயன்றி, அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. வீடென்றால் அடுப்பு உண்டு. அடுப்பருகே நிற்பவர் ஒருவர் உண்டு. அவரும் இசை வரலாற்றைச் சேர்ந்தவரே என்பது நம் கருத்து. அதற்கு மைஹர் அலாவுதீன் கானின் குடும்பத்தையே சான்றாகக் கொள்வோம்.

அலாவுதீன் கான் இன்று வங்கதேசத்தில் உள்ள பிராமண்பாரியா பகுதியின் சிப்பூர் சிற்றூரிற் பிறந்தவர். இசைப் பித்தால் சிறுவயதிலேயே வீட்டை விட்டு ஓடிக் கல்கத்தா வந்து சேர்ந்தார். அந்நகரில் அன்னசத்திரத்தில் ஏழைகளோடு வரிசையில் அமர்ந்து ஒருவேளை உணவு உண்டு, கங்கை நீரைப் பருகி நாளைக் கழித்ததாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பின்னர் அகமது அலி கானிடம் சரோத் கற்றபோது, ஆசானுக்குச் சமைத்துப் போடுவது முதலான வீட்டுப் பணிகள் அனைத்தும் இவர் தலையில் விழுந்தன. அதன்பின் ராம்பூர் சென்று, தான்சேனின் மகள்வழி மரபினர் எனப்படும் வசீர் கானின் வாயிலில் நெடுங்காலம் காத்துக் கிடந்தார். இசைக்காக இவ்வளவு பசித்தவர் நம் காலத்தில் வேறொருவர் இருந்திருப்பாரா என்பது ஐயமே.

1918ஆம் ஆண்டையொட்டி மைஹர் மன்னர் பிரிஜ்நாத் சிங் இவரை ஆஸ்தான வித்துவானாக அமர்த்தினார். கொள்ளைநோயில் பெற்றோரை இழந்து நின்ற சிறுவர் சிறுமியரைத் திரட்டி, வாத்தியம் பயிற்றி, 'மைஹர் பாண்டு' என்னும் குழுவை அவர் உருவாக்கியது இக்காலத்தேதான். துப்பாக்கிக் குழல்களை அறுத்து 'நள தரங்கம்' என்ற வாத்தியத்தையும் படைத்தார். நாள்தோறும் ஐவேளைத் தொழுகையை விடாத முஸ்லிமாகிய அவர், சாரதாதேவியிடத்தும் குறையாத பக்தி கொண்டிருந்தார். இவ்விரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

ஹிந்தி பேசும் ஊரின் நடுவே அது வங்காளி வீடு. கோதுமை நாட்டில் சோற்றுக்கும் ரசத்துக்கும் ஏங்கும் நமக்கு, அத்தகைய வீட்டின் இயல்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இல்லத்தலைவி மதீனா பேகம். தொலைவிலிருந்து வந்து இசை பயின்றவர்களிடம் பாபா கட்டணம் பெற்றதில்லை. ஆனால் அவருடைய கோபம் ஊரறிந்தது. மகன் அலி அக்பரை மரத்தில் கட்டிவைத்து அடித்ததும் உண்டு. இதைக் குருபக்தியின் பெயரால் போற்றிப் பேசுவோர் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. அத்தகைய வீட்டில் அஞ்சி நின்ற பிள்ளைகளுக்கு ஆறுதல் அந்த அம்மையாரே. 1938இல் மைஹர் வந்து சேர்ந்த ரவிசங்கரும் அவருடைய கனிவை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். பாபா தம் இல்லத்துக்கு 'மதீனா பவன்' என்று பெயரிட்டார். 'மதன்மஞ்சரி' என்ற புதிய ராகம் ஒன்றையும் மனைவியின் பெயரால் படைத்தார். சமைத்தவர் பெயரை ராகத்துக்குச் சூட்டிய வித்துவான் வேறெவரும் உண்டா என்று நாம் தேடிப் பார்க்கலாம்.

இவர்களின் இளைய மகள் 1927இல் சித்திரா பௌர்ணமியன்று பிறந்தாள். குழந்தைக்கு அன்னபூர்ணா என்று பெயரிட்டவர் மன்னர். அவளுக்கு இசை கற்பிப்பதில்லை என்று தந்தை உறுதி கொண்டிருந்தார். மூத்தவள் ஜஹானாராவுக்கு இசை பயிற்றி மணமுடித்து அனுப்ப, புகுந்த வீட்டில் அவளுடைய தம்பூராவை எரித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணும் நெடுநாள் வாழவில்லை. வெந்த மனம் மறுபடி நெருப்பைத் தொடுமா?

ஒருநாள் பாபா கடைத்தெருவுக்குச் சென்றிருந்தார். வெளியே அலி அக்பர் சாதகம் செய்துகொண்டிருக்க, சிறுமி அன்னபூர்ணா பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஓரிடத்தில் தவற, இவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "அண்ணா, பாபா சொன்னது அப்படியல்ல, இப்படி" என்ற பொருள்படக் கூறி, பாடத்தைப் பிழையறப் பாடிக் காட்டினாள். பாட்டில் ஆழ்ந்தவள், தந்தை திரும்பி வந்து பின்னால் நிற்பதை உணரவில்லை. அடி விழும் என்று நடுங்கியவளை அவர் அறைக்குள் அழைத்துச் சென்று பாடம் தொடங்கினார். ஒருவரும் கற்பிக்காமலே அவள் காதில் வித்தை ஏறியிருந்தது. அது வீட்டில் நாள் முழுதும் உலவிய ஒலியின் பயன்.

முதலில் சிதார், பின்பு சுர்பஹார். சிதாரைப் பாமரரும் விரும்புவர், சுர்பஹாரின் ஆழ்ந்த நாதத்தைத் தேர்ந்த ரசிகரே அறிவர், சபையார் தக்காளி வீசினாலும் வீசுவர் என்று எச்சரித்தே தந்தை அதைக் கற்பித்தார். 1941இல் அல்மோராவில் ரவிசங்கருடன் திருமணம். 1950களில் கணவருடன் சில மேடைகளில் வாசித்த அன்னபூர்ணாதேவி, பின்னர் மேடையையே துறந்தார். காரணம் பற்றிப் பலரும் பலவாறு எழுதியுள்ளனர். பிறர் இல்லறத்தில் தீர்ப்புரைப்பது நம் வேலையன்று. ஆனால் இழப்பு நம்முடையது. அவர் இசைத்தட்டு எதையும் வெளியிடவில்லை. பத்மபூஷண் பெற்ற அக்கலைஞரின் வாசிப்பை நாடு கேட்டதேயில்லை என்னும்படி ஆயிற்று.

தமிழ்நாட்டிலும் இதையொத்த இல்லம் ஒன்று இருந்தது. சென்னை ஜார்ஜ் டவுனில், ராமகிருஷ்ண செட்டித் தெருவில், வீணை தனம்மாள் (1867–1938) வாழ்ந்த வீடு அது. தஞ்சை அரண்மனையோடு தொடர்புடைய கலைமகளிர் மரபில் வந்த அக்குடும்பத்தில் தாய்வழியே வீடும் வித்தையும் தொடர்ந்தன. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீணை வாசிக்க, வித்துவான்கள் மூச்சொலியும் கேளாது அமர்ந்திருப்பர். பேத்தியர் பிருந்தாவும் முக்தாவும் பாட்டில் சிறந்தனர்; பாலசரஸ்வதி நாட்டியத்தில் உலகப் புகழ் பெற்றார். மகள் ஜயம்மாள், தம் மகள் ஆடப் பின்னின்று பாடினார். மைஹரில் தந்தை அதட்டிக் கற்பித்தார். இங்கே பாட்டியும் தாயும் பெரியம்மா சின்னம்மாக்களும் பாடியதே பாடம். எந்த முறை நன்றென்று நம்மைக் கேட்டால், ஜார்ஜ் டவுன் பக்கமே நம் கை நீளும்.

அன்னபூர்ணாதேவி பிற்காலத்தில் பம்பாயில் அடுக்கு மாளிகை வீடொன்றில் வாழ்ந்தார். வெளியே செல்வது அரிது. சமையலும் வீட்டு வேலையும் தாமே செய்தார். மாடத்துக்கு வரும் புறாக்களுக்குத் தீனி வைத்தார். கூடத்தில் சீடர் வாசித்துக்கொண்டிருக்க, அவர் அடுக்களையில் கறி தாளித்துக்கொண்டிருப்பார். ஒரு நிஷாதம் இம்மியளவு பிசகினால் உள்ளிருந்து குரல் வரும். திருத்தமான ஸ்வரத்தைப் பாடியே காட்டுவார். ஹரிபிரசாத் சௌராசியா சீடராக வேண்டி நெடுநாள் விடாது முயன்றார். தம் உறுதியைக் காட்டப் புல்லாங்குழல் பிடிக்கும் கையையே வலமிருந்து இடமாக மாற்றிக்கொண்டு, பழகிய பழக்கத்தையெல்லாம் விட்டு, மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்றார்.

சுர்பஹார் வாசிப்பவர் புல்லாங்குழலை எவ்வாறு கற்பித்தார் என்று வியப்பு எழலாம். விடை எளியது. அந்த வீட்டில் சரோதுக்கும் சிதாருக்கும் குழலுக்கும் மூலம் வாய்ப்பாட்டே. தனம்மாளின் பேரர் விசுவநாதனின் குழலிசை தாய் ஜயம்மாளின் பாட்டை அடியொற்றியதும் இவ்வாறே. பாட்டால் கற்பிப்பவருக்குக் கையில் வாத்தியம் வேண்டியதில்லை. கைகள் மாவு பிசையலாம், காய் நறுக்கலாம். காது மட்டும் கூடத்தில் இருந்தால் போதும். 2018 அக்டோபரில் மும்பையில் மறையும்வரை அன்னபூர்ணாதேவி தம் தந்தையின் கரானாவை நடத்தியது இப்படித்தான்.